‘எந்தப் புத்தகத்தைப் பாதியில் விட்டீங்கள்?’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசிக்க ஆளில்லை என்ற பேச்சை வெளியீட்டு விழா மேடைகளில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. திருகோணமலையில் புத்தகம் விற்கிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் பஸ் ஏறி ஆட்கள் வருகிறார்கள். வந்தவரின் கையில் எதை எடுத்துக் கொடுப்பது என்று தெரிந்த சிறிய கடைக்காரர்கள் நமக்குச் சிலர் இருக்கிறார்கள். எழுத்தாளரையும் பதிப்பாளரையும் பேட்டி காணும் இதழ்கள் இவர்கள் பக்கம் திரும்புவதில்லை. அவர்களுடைய தொழில் நுணுக்கம் என்ன என்பதைக் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறேன்.

நம்மூர்ப் புத்தகக் கடையின் முன்பக்கம் முழுக்கப் பள்ளிக்கூடச் சாமான். சி.ஆர். கொப்பி, பேனை, புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுப்பு, ஓரத்தில் போட்டோக்கொப்பி மெஷின். கதை, கவிதை, வரலாறு எல்லாம் பின்னால் இரண்டு மூன்று தட்டுகளில் இருக்கும். வாடகையும் கரண்ட் பில்லும் முன்பக்கத்து வருமானத்தில்தான் போகின்றன. 900 ரூபாய்ப் புத்தகம் ஒன்றை முப்பது வீதக் கழிவில் எடுத்து விற்றால் கடைக்காரருக்கு 270 ரூபாய். அதற்காக அவர் இருபது நிமிடம் நின்று கதைக்கிறார். அந்த நேரத்துக்குப் போட்டோக்கொப்பி அடித்துக்கொண்டிருந்தால் தலையிடி இல்லாத காசு. இந்தக் கணக்கைப் பார்க்காதவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

“எந்த மாதிரிப் புத்தகம் வேணும்?” என்று நல்ல கடைக்காரர் கேட்பதில்லை. அதற்கு “நல்ல புத்தகமா ஒண்டு” என்ற பதிலே வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அவர் கேட்பது வேறு: கடைசியாக முடித்த புத்தகம் எது? பாதியில் விட்டது எது, எந்த இடத்தில் விட்டீங்கள்? இரண்டாவது கேள்விதான் முக்கியம். முடித்ததைப் பற்றிக் கேட்டால் மரியாதைக்காக ஒரு பெரிய பெயரைச் சொல்லிவிடுவார்கள். விட்டதைப் பற்றிச் சொல்லும்போது உண்மை வந்துவிடும். “ஆட்களின்ர பேர் கனக்க, குழம்பிப்போச்சு” என்றால் பாத்திரங்கள் குறைந்த நாவல் வேண்டும். “ஒண்டும் நடக்குதில்ல” என்றால் சம்பவம் ஓடுகிற கதை வேண்டும். “எழுத்துச் சின்னன்” என்று சொன்னால் அது இலக்கியப் பிரச்சினையே இல்லை. பதினான்கு பொயின்ட் எழுத்தில் அடித்த பதிப்பைத் தேடிக் கொடுத்தால் ஐயா அதே எழுத்தாளரைச் சந்தோசமாக வாசிப்பார்.

பிறகு மூன்று புத்தகம் எடுப்பார். பத்து எடுத்தால் வாங்க வந்தவர் தலையைச் சொறிந்துவிட்டு “பிறகு வாறன்” என்று போய்விடுவார். ஒன்று அவர் கேட்டதற்குக் கிட்டியது, இன்னொன்று ஓரடி தள்ளியது, மூன்றாவது எதிர்பாராதது. தட்டைக் கையால் காட்டாமல் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, புத்தகத்துக்கு இரண்டே வசனம் சொல்லிவிட்டு, கல்லாவுக்குத் திரும்பிப்போய்விட வேண்டும். இந்தக் கடைசிப் படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பக்கத்திலேயே நின்று கதையின் முடிவு வரை சொல்லிவிட்டால் பிறகு எதற்கு வாங்குவது?

பிள்ளைகளுக்குத் தெரிவுசெய்யும் முறை இன்னும் நுணுக்கமானது. “இவனுக்கு அறிவு வளர்ற மாதிரி ஒண்டு தாங்கோ” என்று தாய் வந்து நிற்பார். கடைக்காரர் தாயிடம், “அம்மா, நீங்க அங்கால கொப்பியைப் பாருங்கோ” என்பார். பிறகு பையனைப் பார்த்து, “தம்பி, இஞ்ச வாங்கோ. இந்தப் பக்கத்தை வாசிச்சுக் காட்டுங்கோ. விளங்காத சொல் வந்தால் ஒரு விரலை மடக்குங்கோ.” ஒரு பக்கத்துக்குள் ஐந்து விரலும் மடங்கினால் புத்தகம் பாரம். ஒன்றுமே மடங்காவிட்டால் இலகு. இரண்டு மூன்று மடங்கினால் அளவாயிருக்கிறது. தமிழ்நாட்டுச் சிறுவர் நூல்களில் அந்த ஊர்ப் பேச்சுச் சொற்களுக்கே இரண்டு விரல் போய்விடும் என்பதால், மடக்கிய சொல் எது என்றும் கேட்டுப் பார்ப்பார். மூன்று நிமிடத்தில் முடிகிற சோதனை இது.

மொழிபெயர்ப்பு என்றால் முதலில் உள்ளட்டையைத் திருப்புவார். மூலத் தலைப்பு, எந்த மொழியிலிருந்து பெயர்த்தது, பெயர்த்தவர் யார் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்பார். ரஷ்ய நாவல் ஆங்கிலம் வழியாக வந்ததா, நேராக வந்ததா என்பது அங்கே தெரியும். அந்தப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லாத புத்தகத்தைச் சிபாரிசு செய்யத் தயங்குவார். கட்டும் முக்கியம். பசை மட்டும் வைத்து ஒட்டிய புத்தகத்தை நடுவில் விரித்தால் முதுகு ‘நறுக்’கென்று சத்தமிடும். அப்படியானது ஒரு மாரி தாங்காது. பக்கம் பக்கமாகக் கழலும்.

மாரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை இங்கே கடல் காற்றும் மழை ஈரமும் சேர்ந்து புத்தகத்தைத் தின்னும். விஷயம் தெரிந்தவர் தட்டைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைப்பார், கடைசித் தட்டை நிலத்தில் முட்டவிட மாட்டார், புத்தகத்தைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டவும் மாட்டார். உள்ளே அடைபட்ட ஈரம்தான் பூஞ்சணமாகிறது. வாங்குகிறவருக்கும் அதையே சொல்லி அனுப்புவார்.

நினைவாற்றல் என்று நாம் வியப்பது பெரும்பாலும் ஒரு நாற்பது பக்கக் கொப்பி. பெயர் எழுதுவதில்லை, தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், கொடுத்த புத்தகம், அடுத்த முறை வந்தபோது சொன்னது என்று மூன்று நிரல். மூன்றாவது நிரலில் “60ஆம் பக்கத்தில் நிண்டுட்டுது” என்று இருக்கும். அது கடைக்காரரின் பிழை, அதை அவரே எழுதி வைக்கிறார். மூதூரிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர் மாற்றிக்கொள்ளத் திரும்பி வர மாட்டார் என்பதால், அவருக்கு நிச்சயமாகப் பிடிக்கும் என்று கொப்பி சொல்வதையே முதலில் கட்டுவார். பரிசோதனைக்குப் புதியவர் ஒருவரின் மெல்லிய சிறுகதைத் தொகுப்பு ஒன்றும் சேர்ந்து வரும். ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு கணக்கு. டெமி என்கிற வழக்கமான நாவல் அளவில் 300 பக்கம் என்றால் 350 கிராமளவு, பத்துப் புத்தகம் மூன்றரைக் கிலோ. பெட்டியில் இடமிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்.

குறையும் உண்டு. கையிருப்பில் தேங்கிக் கிடப்பதைத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விருது ஒட்டிய அட்டையைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பத்துப் பிரதியை விற்பனைக்கு வாங்கி வைத்துவிட்டு எழுத்தாளருக்கு ஒரு வருடமாகக் கணக்குக் கொடுக்காத கடைகளும் உண்டு. அதை மூடி மறைப்பதில் பிரயோசனமில்லை.

நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று இரண்டு உண்டு. நூலகர்களுக்குச் சொன்னதை இந்தக் கடைக்காரர்கள் படிக்காமலே செய்கிறார்கள். தமிழின் முதல் வரலாற்று நாவல் எது என்று கேட்டு வருகிற மாணவிக்கு, 1895இல் வெளிவந்த ‘மோகனாங்கி’ என்றும், எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை இந்த ஊர்க்காரர் என்றும் சொல்வார்கள். அச்சில் இல்லாத ஈழத்து நூல் என்றால், ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் தேடிப் பாருங்கோ, இருந்தால் இலவசமாக வாசிக்கலாம் என்று தாங்களே எழுதிக் கொடுப்பார்கள். ஒரு சதமும் வராத சிபாரிசு அது.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டில் மேல் மாகாணப் பள்ளிக்கூடப் பரீட்சைகளே தள்ளிப்போயின. அதன்பிறகு புத்தக விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. இந்திய ரூபாய்க்கு நம்முடைய மூன்றரை ரூபாய் என்று வைத்தாலும் அங்கே 400 போட்ட புத்தகம் கப்பல் கூலிக்கு முன்பே 1,400 ஆகிறது. இந்த விலையில் பிழையான புத்தகத்தை வாங்கியவர் அடுத்த ஆறு மாதம் கடைப்பக்கம் வர மாட்டார். ஆகவே சிபாரிசு செய்கிறவருக்குச் சரியான தகவல் வேண்டும். உங்கள் இதழில் நூல் அறிமுகம் வெளியான அடுத்த நாளே அந்தப் பக்கத்தை வெட்டிக்கொண்டு நாலு பேர் கடைக்கு வருகிறார்கள். அதில் எழுத்தாளரின் படம் இருக்கிறது, அணிந்துரையிலிருந்து ஒரு பந்தி இருக்கிறது. புத்தகத்தை எங்கே எடுப்பது என்பது இல்லை. முந்நூறு, ஐந்நூறு பிரதி மட்டும் அடிக்கும் நூலுக்குப் பெரிய விநியோகஸ்தர் கிடையாது. எழுத்தாளரின் வீட்டுக் கட்டிலுக்குக் கீழேதான் பெட்டி இருக்கும்.

ஒவ்வொரு அறிமுகத்தின் அடியிலும் பக்க எண்ணிக்கை, விலை, பதிப்பகம், பிரதிக்குத் தொடர்புகொள்ளும் எண், புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். ஆகியவற்றைச் சின்ன எழுத்திலாவது போடுங்கள். ஐ.எஸ்.பி.என்.இல் 978க்குப் பின்னால் 955 அல்லது 624 இருந்தால் இலங்கைப் புத்தகம், 81 அல்லது 93 என்றால் இந்தியாவிலிருந்து எடுப்பிக்க வேண்டியது என்று கடைக்காரர் பார்த்த உடனே தெரிந்துகொள்வார். “விலை குறிப்பிடப்படவில்லை” என்று அச்சிடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நூலாசிரியருக்கு ஒரு கோல் எடுத்தால் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.