கல்லும் மனுவும் ஒரே கையில்தான் இருந்தன

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரிட்டிஷ் பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கல்லெறிந்து ஜன்னல்களை உடைத்துப் போராடிய பெண்களின் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட், சிறை உண்ணாவிரதம், மூக்கில் குழாய் செருகி உணவு புகட்டிய கொடுமை, 1913 டெர்பி பந்தயத்தில் அரசரின் குதிரை மோதி இறந்த எமிலி டேவிசன் என்று விறுவிறுப்பாகப் போகிறது. என் கணவர் படித்துவிட்டு, "பாத்தியா, கல்லெறிஞ்சாத்தான் காது கேக்குது" என்றார். கட்டுரை சொல்ல வருவதும் அதுதான். அதே வாக்குரிமைக்காகக் கல்லெடுக்காமல் மனுவும் கூட்டமுமாக அரை நூற்றாண்டு அலைந்த மில்லிசென்ட் ஃபாசெட்டுக்கு ஒரே வரி. அதிலும் லேசான ஏளனம்.

முதலில் ஒரு திருத்தம். 1918-இல் வாக்கு கிடைத்தது எல்லாப் பெண்களுக்கும் அல்ல. 30 வயது நிரம்பி, தனக்கோ கணவருக்கோ சொத்துத் தகுதி உள்ளவர்களுக்குத்தான். சுமார் 84 லட்சம் பேர். போர்க்காலத்தில் வெடிமருந்து ஆலைகளில் மாடாய் உழைத்த இளம்பெண்கள் வெளியே நின்றார்கள். ஆண்களைப் போலவே 21 வயதில் வாக்கு என்று ஆனது 1928-இல். சட்டம் முழுமையாவதற்குச் சில வாரங்கள் முன்பு பாங்க்ஹர்ஸ்ட் இறந்துபோனார். ஃபாசெட் இருந்து பார்த்தார்.

1914-இல் உலகப் போர் வந்ததும் பாங்க்ஹர்ஸ்ட் கல்லைக் கீழே போட்டுவிட்டார். 1916-17-இல் அனைத்துக் கட்சிக் குழு கூடி யாருக்கு வாக்கு என்று பேரம் பேசியபோது, விடாமல் எம்.பி.க்களைத் துரத்தியது 50,000-க்கு மேல் உறுப்பினர்களைக் கொண்டிருந்த ஃபாசெட்டின் சங்கம். போர் முடிந்தால் மறுபடி கண்ணாடி உடையுமோ என்ற பயம் அமைச்சர்களுக்கு இல்லாமல் இல்லை. அதையும் மறைக்க வேண்டாம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறொரு பெண்மணிக்காக. மார்கரெட் கசின்ஸ், அயர்லாந்துக்காரர். 1910-இல் லண்டனில் கைதாகி ஹாலோவே சிறைக்குப் போனார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் மசோதாவில் பெண்களுக்கு வாக்கில்லை என்றானதும், 1913 ஜனவரியில் பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமையிடமான டப்ளின் கோட்டையின் ஜன்னல்களை உடைத்து டல்லமோர் சிறைக்குப் போனார். அங்கே அரசியல் கைதியாக நடத்தச் சொல்லி உண்ணாவிரதம். கட்டுரையாளருக்குப் பிடித்த ரகம்தான்!

அதே கசின்ஸ் 1915-இல் இந்தியா வந்தார். 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவானபோது முன்னின்றார். அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வருகிறார் என்றதும், பெண் கல்வி பற்றிப் பேச நேரம் கேட்டு எழுதினார். அரசியல் கோரிக்கை என்றால் மட்டுமே சந்திப்பு என்று பதில் வந்தது. சரி, அதையே கேட்போம் என்று வாக்குரிமையைச் சேர்த்து மனு எழுதினார். சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் போய்க் கொடுத்தார்கள். ஒரு கல் பறக்கவில்லை.

அதற்காக இங்கே தட்டில் வைத்து நீட்டினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியாவில் யாருக்கு வாக்கு என்று ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த சவுத்பரோ குழு, இந்தியப் பெண்களுக்கு இன்னும் காலம் வரவில்லை என்று கைவிரித்தது. வாக்குரிமைக்காக உழைத்த ஹீராபாய் டாட்டாவும் மகள் மிதானும் 1919-இல் லண்டனுக்கே போய் ஆதரவு தேடினார்கள். கடைசியில் பார்லிமென்ட் அந்தந்த மாகாண சபையே முடிவு செய்துகொள்ளட்டும் என்று தள்ளிவிட்டது. 1921-இல் சென்னை சட்டசபை பெண் என்ற தடையை நீக்கியது. சொத்துத் தகுதி அப்படியே இருந்ததால் வாக்கு கைக்கு வந்தவர்கள் சொற்பம்தான்.

டப்ளினில் கல்லெடுத்தவர் சென்னையில் மனு எழுதியது, வயதாகி அடங்கிவிட்டதால் அல்ல. அங்கே கேட்டுக் கேட்டு ஓய்ந்தாயிற்று. லண்டன் மக்களவையில் பெரும்பான்மை கிடைத்த மசோதாவைக் கூட அரசே கிடப்பில் போட்டது. இங்கே கதவு அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. எங்கே எதை எடுப்பது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. 1932-இல் ஆங்கிலேய அரசின் அவசரச் சட்டங்களை எதிர்த்துச் சென்னையில் பேசி, ஓராண்டுத் தண்டனையோடு மூன்றாவது முறையாகச் சிறைக்குப் போனார். அது எங்கள் ஊரான வேலூரின் பெண்கள் சிறை. இங்கே பலருக்கு அவர் பெயரே தெரியாது. டெர்பி குதிரைக்குக் கொடுத்த இடத்தில் பாதியை அடுத்த இதழில் அவருக்கு ஒதுக்குவீர்களா?

– ஒரு வாசகி, வேலூர்