கொங்கிரீட் ஊத்துறதுக்கு முதல் நாள் கம்பியை யாரு பாக்குறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மஸ்கெலியா பக்கத்துல இருந்து எழுதுறேன். ஆட்டோ ஓட்டுறவன், எழுத்து அவ்வளவு வராது, பிழை இருந்தா நீங்களே திருத்திப் போட்டுக்கங்க. 7 பேர்ச் காணியில சொந்தமா வீடு கட்டிக்கிட்டு இருக்கேன், மூணு வருஷமா கட்டுறேன், சல்லி வந்தா ஒரு வரி கல்லு ஏறும், வராட்டி கட்டின கல்லுல பாசி ஏறும். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளிய வந்து வீடு கட்டுற எல்லாருக்கும் இதே கதைதான், அதை விடுங்க. நான் எழுத வந்தது கம்பி விஷயம்.

மழை இல்லாத மாசமா பாத்து ஸ்லெப், அதான் மேல வர்ற கொங்கிரீட் தட்டு, போடலாம்னு முடிவு பண்ணினோம். கம்பி கட்ட தனியா ஆள் வச்சா கூலி கட்டாதுன்னு மேசன் பாஸும் அவரோட ரெண்டு பையனும் நானும் என் மச்சானும் சேந்து ஒண்ணரை நாள்ல கட்டி முடிச்சிட்டோம். கட்டுக்கம்பியை முறுக்கி முறுக்கி வெரல் எல்லாம் கிழிஞ்சு போச்சு, ஆனா மேல ஏறி நின்னு பாத்தா 6 இஞ்சிக்கு 6 இஞ்சி கட்டம் கட்டமா அழகா இருந்துச்சு, போட்டோ கூட எடுத்தேன். மறுநாள் காலையில கொங்கிரீட். மெசின் வந்து இறங்கிருச்சு, ஆளுங்களுக்கு சாப்பாட்டுக்குக் கூட சொல்லியாச்சு.

அன்னைக்கு அந்திக்கு எங்க பெரியம்மா மகன், கட்டார்ல ரொம்ப வருஷம் ஸ்டீல் பிக்ஸர், அதான் கம்பி கட்டுற வேலை செஞ்சிட்டு லீவுல வந்திருக்கிற அண்ணன், சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தாரு. பிளேன்டீயைக் கையில குடுத்தேன், அதைக் கீழ வச்சிட்டு டோர்ச்சை எடுத்துக்கிட்டு ஏணியில ஏறிட்டாரு. முன்பக்கம் வாசலுக்கு மேல மூணரை அடி வெளிய நீட்டி விட்டிருந்தோம், அந்த எடத்துல போய் குந்திக்கிட்டு, "தம்பி, இதுக்கு அடியில தூண் வருதா?"ன்னாரு. இல்லண்ணே, அப்படியே தொங்குறதுதான்னேன். "அப்ப ஏன் கம்பி எல்லாம் அடியில கிடக்கு?"

எனக்கு வெளங்கல. கீழ எறங்கி வந்து என் கையை நேரா நீட்டச் சொன்னாரு, நீட்டினேன், மணிக்கட்டுல அவரு கையை வச்சு அமுக்கினாரு. "எங்கடா இழுக்குது?" தோளுக்கு மேல்பக்கம்தான் இழுக்குதுண்ணே. "கொங்கிரீட் அமுக்கினா தாங்கும், இழுத்தா வெடிச்சிரும், இழுக்குற பக்கம் புடிச்சிக்கத்தான் கம்பி." நாலு பக்கமும் சுவர்ல உக்காந்திருக்கிற ரூம் ஸ்லெப் நடுவுல கீழ தொய்யும், அதனால அங்க கம்பி அடியில, அதுலயும் ரூம்ல நீளம் குறைஞ்ச பக்கமா ஓடுற கம்பி எல்லாத்துக்கும் அடியில. வெளிய தொங்குற பகுதிக்கு அப்படியே தலைகீழ், பெரிய கம்பி மேல வரணும், வெளிய எவ்வளவு நீட்டுதோ அதுல ஒண்ணரை மடங்காவது உள்ள ரூம் பக்கம் ஓடணும்னாரு.

பாஸுக்கு கோவம். "நாங்க இருவது வருசமா இப்படித்தான் போடுறோம், ஒண்ணும் விழல." அண்ணன் சத்தமே போடல. "விழாட்டி அது உங்க தெறம இல்ல பாஸ், அதுல இன்னும் யாரும் கூட்டமா ஏறி நிக்கல, அவ்வளவுதான்"னாரு. பாஸைக் குத்தம் சொல்லி நான் எழுதல, அவரு கல்லு வச்சா நூல் புடிச்ச மாதிரி இருக்கும், கம்பி யாரும் அவருக்கு சொல்லிக் குடுக்கல, அவருக்கு சொல்லிக் குடுத்தவருக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல.

மெசின்காரன்கிட்ட கெஞ்சி ரெண்டு நாள் தள்ளிப் போட்டோம். முன்பக்கம் முழுக்க அவுத்து மேல தூக்கிக் கட்டினோம், அது எறங்காம இருக்க துண்டுக் கம்பியை சேர் மாதிரி வளைச்சு அடியில நிறுத்தினாரு. கம்பிக்கு அடியில நாங்க முட்டுக் குடுத்திருந்த கருங்கல் துண்டு, ஓட்டுத் துண்டு எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிட்டு 1 இஞ்சி தடிப்புல சீமெந்துக் கட்டி வார்த்து வச்சாரு. பலகையோட கம்பி ஒட்டிக் கிடந்தா கொங்கிரீட் அதை மூடாது, எங்க ஊரு பனியும் மழையும் ஈரமும் உள்ள போய் துருப் புடிச்சு, துரு ஊதி, அடியில பொரிஞ்சு கொட்டும். தூணுக்கு ஒண்ணரை இஞ்சியாவது மூடணுமாம்.

தூண்ல நாங்க கட்டின வளையத்தையும் பாத்தாரு. கொக்கியை சும்மா மூலைமட்டம் மாதிரி மடக்கி விட்டிருந்தோம், அதை தூணுக்கு உள்பக்கம் பாத்து 135 டிகிரி மடக்கணுமாம், இல்லாட்டி பாரம் கூடுற நேரம் வாயைப் பொளந்துக்கும். ஒட்டுப் போட்ட எடத்துல 12 மில்லி கம்பியை நாங்க ஒரு அடிதான் ஒண்ணு மேல ஒண்ணு விட்டிருந்தோம், ரெண்டு அடி வேணும், எல்லா ஒட்டும் ஒரே வரிசையில வரவும் கூடாது. கொங்கிரீட் அன்னைக்கு கம்பி மேல நடக்க விடாம பலகை போட்டாரு. 5 இஞ்சி ஸ்லெப்ல மேல் கம்பி மிதிபட்டு 1 இஞ்சி எறங்கினா அந்த எடத்துல கால்வாசி பலம் போயிரும்னாரு. நாங்க முந்தி போட்ட சமையல்கட்டு ஸ்லெப்ல எட்டு பேரு பூட்ஸ் காலோட நின்னோம், அதை நெனைச்சா இப்பவும் ராத்திரி தூக்கம் கெடுது.

இன்னொரு கூத்து. மிச்சம் கிடந்த 12 மில்லி கம்பியை கையில புடிச்சுப் பாத்துட்டு அண்ணனுக்கு சந்தேகம். 20 அடிக் கம்பி ஒண்ணு 5 கிலோ 300 கிராம் கிட்ட வரணும், பத்து கம்பி 53 கிலோ, ஒண்ணு ரெண்டு கிலோ கூடக் குறைய இருக்கலாம். தேயிலைக் கொழுந்து நிறுக்குற தராசுல கொண்டு போய் மாட்டினோம், 47 கிலோ! கணக்குப் பாத்தா பன்னெண்டு இல்ல, பதினொண்ணே கால் மில்லி. கொழுந்துலதான் நம்மளுக்கு தண்ணி, கூடைன்னு கிலோ கழிப்பாங்கன்னு பாத்தா கம்பியிலயும் கழிச்சிருக்காங்க. எந்தக் கடைன்னு எழுதல, கடைக்காரருக்கே தெரியாமலும் இருக்கலாம். கம்பிக்கு எஸ்.எல்.எஸ். 375ன்னு ஒரு இலங்கைத் தரம் இருக்கு, அந்த முத்திரை இருக்கான்னு கேட்டு வாங்கணும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

இப்ப அடுத்த வேலை பின்பக்கம் மண்ணு சரியாம கட்டுற கொங்கிரீட் சுவர். நம்ம பக்கம் இது இல்லாத வீடே கிடையாது. அதுலயும் இதே பிழைதான், முக்கியமான நெட்டுக் கம்பியை வெளிப்பக்கம், நம்ம கண்ணுக்குத் தெரியிற பக்கம் போடுறாங்க. மண்ணு தள்ளுற நேரம் சுவர் நம்ம பக்கம் சாயப் பாக்கும், அப்ப இழுபடுறது மண்ணுப் பக்கம், கம்பி அங்கதான் இருக்கணும், கூடவே தண்ணி வெளிய வர பைப் துண்டு வச்சு ஓட்டை விடணும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுக்கு அப்புறம் எல்லாரும் மலையைப் பத்திப் பேசுறோம், பேசத்தான் வேணும், மலையே எறங்கினா எந்தக் கம்பியும் நிக்காது. ஆனா நல்ல எடத்துல கட்டின சுவரும் கம்பி பக்கம் மாறினதால சாஞ்சா அதுக்கு மலையைக் குத்தம் சொல்ல முடியுமா?

ஐயா, நான் கேக்குறது ரெண்டுதான். பிரதேச சபையில டெக்னிக்கல் ஒபிசர்மார் இருக்காங்க, 2018ல சட்டத்தைத் திருத்தி தோட்டத்துக்குள்ளயும் சபை வேலை செய்யலாம்னு ஆக்கினாங்க. பிளான்ல கையெழுத்து வைக்கிறதோட நிக்காம, கொங்கிரீட் ஊத்துறதுக்கு முதல் நாள் ஒருத்தர் வந்து அரை மணித்தியாலம் கம்பியைப் பாத்தா போதும், ஊத்தின பிறகு யாரு வந்தும் பிரயோசனம் இல்ல, உள்ள என்ன கிடக்குன்னு அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். இதை நீங்க எழுதினா அவங்க காதுல விழும்.

ரெண்டாவது உங்ககிட்ட. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல டைல்ஸ், பெயிண்ட், சீலிங்னு முழுப் பக்கம் விளம்பரம் வருது. அதுல ஒரு மூலையில தூண், பீம், ஸ்லெப், வெளிய நீட்டின ஸ்லெப், மண்ணு தாங்குற சுவர், இந்த அஞ்சுக்கும் கம்பி எங்க வரணும்னு ஒரு இஞ்சினியரைக் கொண்டு படம் போட்டுக் குடுங்க, தமிழ்ல. எனக்குக் குடுத்த பிளான் முழுக்க இங்கிலீஷ், பாஸ் அதை விரிச்சே பாக்கல, மடிச்சு சீமெந்து பேக்குக்கு அடியில வச்சிருந்தாரு. பேப்பர்ல வந்தா வெட்டி சுவர்ல ஒட்டுவாரு, அவரே சொன்னாரு.

இப்படிக்கு,
மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்