மூன்றாவது மாடியில் கிடைத்த ‘பிளேஸ்மெண்ட்’ பற்றிய புகார்

அனுப்புநர்: உங்கள் மதுரைக் கிளையில் வி.எஃப்.எக்ஸ். (சினிமா காட்சி கிராபிக்ஸ்) படித்த மாணவியின் தகப்பன், சிவகாசி.

பெறுநர்: மேலாண்மை இயக்குநர், தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: கட்டணத்தைத் திருப்பித் தருதல், கடன் கணக்கை முடித்தல், மாணவியின் ஃபைல்களை ஒப்படைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பதிவு எண், ரசீது, கோர்ஸ் பெயர் எல்லாம் உங்கள் போர்ட்டலிலேயே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரிய கோர்ஸ்தான். சேரும்போது வரைகிற டேப்லெட் இலவசம் என்று சொல்லிவிட்டு அப்புறம் ஸ்டாக் இல்லை என்றீர்களே, அது. கிளையில் கேட்டால் தலைமை அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டால் கடன் கம்பெனியிடம் பேசச் சொல்கிறார்கள். கடன் கம்பெனி மறுபடியும் கிளைக்கே அனுப்புகிறது. மின்னஞ்சலுக்கு டிக்கெட் எண் மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. அலைந்து சலித்துப்போய்த்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் சென்னைப் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

போன ஆடி மாதம் கிளையிலிருந்து போன். “அங்கிள், சென்னையில பெரிய பிளேஸ்மெண்ட் டிரைவ், பாப்பா ஒரிஜினல் சர்டிபிகேட்டோட, டெமோ ரீலோட நேர்ல வரணும்” என்றார்கள். நான் அச்சகம் வைத்திருப்பவன். சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்றுதான் வெளியாகும் என்பது தெற்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தச் சமயத்தில் மிஷினை விட்டு ஒரு பொழுது நகர்ந்தாலும் வேலை கெட்டுவிடும். இருந்தும் பெண்ணின் வேலைதான் முக்கியம் என்று பொதிகை எக்ஸ்பிரஸில் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷன் கழிப்பறையிலேயே அவள் உடை மாற்றிக்கொண்டு, கிண்டி போய், அங்கிருந்து ஆட்டோவில் ஈக்காட்டுத்தாங்கல் போய்ச் சேர்ந்தோம். நீங்கள் அனுப்பிய முகவரியில் ஸ்டூடியோவே இல்லை. மூன்றாவது மாடியில் வரிசையாக மேசைகள், ஹெட்செட் போட்டுக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அது உங்கள் கம்பெனியின் டெலிகாலிங் அலுவலகம்!

என் பெண்ணின் ரீலை, அதாவது வேலை மாதிரிகளைத் தொகுத்த வீடியோவை, யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பென்டிரைவ் கைப்பையிலிருந்து வெளியே வரவே இல்லை. “தமிழ் நல்லா பேசுவியாம்மா?” என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான் இன்டர்வியூ. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் போன் எண் பட்டியல் ஒன்றையும், என்ன பேசவேண்டும் என்று அச்சடித்த ஒரு தாளையும் கையில் கொடுத்தார்கள். மாதம் 12,000 ரூபாய், அட்மிஷன் டார்கெட் உண்டு. அந்தத் தாளை நானும் வாங்கிப் படித்தேன். “அங்கிள், படம் பாக்குறவங்க இருக்கிற வரைக்கும் அனிமேஷன் படிச்சவங்களுக்கு வேலை உண்டு” என்று நாலாவது வரியில் இருந்தது. எங்களைச் சேர்க்கும்போது உங்கள் மதுரை கவுன்சிலர் நெஞ்சில் கைவைத்து உருக்கமாகச் சொன்ன அதே வாக்கியம், ‘அங்கிள்’ உட்பட. அடைப்புக்குறிக்குள் ‘இங்கே சிறிது நிறுத்தவும்’ என்று வேறு போட்டிருந்தது. நிறுத்தித்தான் சொன்னார் அந்தப் பையன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

உங்களிடம் படித்து ஏமாந்த பெண்ணையே வைத்து இன்னொரு வீட்டுப் பிள்ளையைச் சேர்ப்பதற்குப் பெயர் பிளேஸ்மெண்ட்டா ஐயா? அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். உடனே உங்கள் போர்ட்டலில் ‘வேலை வாய்ப்பு வழங்கப்பட்டது, மாணவி மறுத்தார்’ என்று பதிந்து கோப்பை மூடிவிட்டீர்கள். இதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

இனி, பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் போட்ட போன். உங்கள் கஸ்டமர் கேரில் ஒருவர் பேசினார். பெயர் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். எதையோ மென்றுகொண்டே பேசினார். நான் விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்ல, நடுவில் வெட்டி, “சார், உங்க பொண்ணுக்கு டேலண்ட் இல்ல, அதுக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்? ஊர்ப் பக்கம் இருந்து வர்றவங்க எல்லாருக்கும் இதே பிராப்ளம்தான்” என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பெண் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டணம் கட்டும்வரை ‘அங்கிள்’, கட்டியபின் ‘சார்’, பணத்தைத் திருப்பிக் கேட்டால் இந்தப் பேச்சு. உங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகின்றன என்று ஆரம்பத்திலேயே ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே ஒருமுறை கேளுங்கள்.

டேலண்ட் பற்றிப் பேசியதால் சொல்கிறேன். எங்கள் அம்மா வாசலில் நின்று தலை உலர்த்துவதைப் போனில் ஐந்து நொடி எடுத்து, அதை ரோட்டோ செய்தாள் என் பெண், அதாவது பின்னணியிலிருந்து உருவத்தை மட்டும் ஃபிரேம் ஃபிரேமாக வெட்டி எடுத்தாள். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஐந்து நொடிக்கு 120. ஒவ்வொன்றிலும் காற்றில் பறக்கிற முடியைத் தனித்தனியாகப் பிரித்து எடுத்திருந்தாள். ஓரத்தில் பிசிறே இல்லை. நாற்கலர் அச்சில் அரை மில்லி மீட்டர் ரெஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) தள்ளினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் என்னுடையது. எனக்கே குறை தெரியவில்லை. அந்த ஷாட் இப்போது எங்கே? லேப் கம்ப்யூட்டரை ஃபார்மெட் செய்துவிட்டோம் என்கிறார் ஒருவர். தவணை பாக்கி இருப்பதால் ஃபைலை லாக் செய்திருக்கிறோம் என்கிறார் இன்னொருவர். இரண்டில் எது உண்மை என்று உங்களுக்குள் பேசி முடிவெடுத்துச் சொல்லுங்கள்.

அவளுக்குக் கொடுத்த ரீலில் இருந்தது என்ன தெரியுமா? ஸ்கூட்டரில் போகும் பெண், பின்னால் பச்சைத் திரை. அதே ஷாட்தான் அந்த பேட்ச்சில் எல்லாப் பிள்ளைகளின் ரீலிலும். அவளாகவே விண்ணப்பித்த ஒரு ஸ்டூடியோவில், “இந்த ஸ்கூட்டர் பொண்ணை நாங்க நிறைய பாத்துட்டோம்மா, நீயா செஞ்சது ஏதாவது இருந்தா காட்டு” என்று நல்லபடியாகவே சொல்லி அனுப்பினார்கள். சொந்தமாகச் செய்தது உங்கள் லேபில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பணக் கணக்கு. கட்டணம் 2,40,000 ரூபாய். அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. 43,200. ஆக 2,83,200. ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொல்லி, உங்கள் ஆள் என் போனை வாங்கி ஓ.டி.பி. போட்டு, மாதம் 11,800 வீதம் 24 மாதக் கடனாக ஆக்கினார். உங்களுக்கு முழுப்பணமும் முதலிலேயே போய்விட்டது. மாதாமாதம் கட்டுவது நான், அதுவும் வேறொரு கம்பெனிக்கு. நடுவில் வகுப்பே நடக்காதபோது தவணையை நிறுத்தினேன். உடனே சிபில் ஸ்கோர் விழுந்தது. நாற்கலர் மிஷினுக்கு வங்கியில் கேட்டிருந்த கடன் அத்தோடு நின்றுபோனது. அந்த மிஷின் வந்திருந்தால் இந்த சீசனில் எவ்வளவு ஆர்டர் எடுத்திருப்பேன் என்று கணக்குப் போட்டால் எனக்கே தலை சுற்றுகிறது. லட்சங்களில் நஷ்டம். முப்பது வருஷத் தொழிலே உங்களால் படுத்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

வகுப்பு நடக்கவில்லை என்று சும்மா சொல்லவில்லை. காம்ப்பாசிட்டிங் (தனித்தனிக் காட்சிகளை ஒன்றாக இணைப்பது) எடுத்த சார் பாதியில் போய்விட்டார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் சம்பள பாக்கி என்று கேள்வி. அவருக்குப் பதிலாக முந்தைய பேட்ச்சில் படித்த பையனையே ‘ஃபேக்கல்டி’ ஆக்கினீர்கள். அவன் யூடியூப் வீடியோவைப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவான். மேட்ச்மூவ் (கேமரா அசைவுக்கு கிராபிக்ஸைப் பொருத்துவது) பாடத்திட்டத்தில் இருக்கிறது, பாடம் நடந்த நாள் ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டரில் ரெண்டர் (செய்த காட்சியை முழுப் படமாக ஆக்குவது) போட்டால் மற்றவர்கள் கைகட்டி உட்காரவேண்டும்.

சாஃப்ட்வேர் கட்டணம் என்று தனியாக ஒரு வரி ரசீதில் இருக்கிறதே, அது எதற்கு? லேபில் ஓடியது, காம்ப்பாசிட்டிங் சாஃப்ட்வேரான நியூக்கின் நான்-கமர்ஷியல் பதிப்பு. அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஃபுல் எச்.டி.க்கு மேல் வெளியே எடுக்க முடியாது. அதில் சேமித்த ஃபைலை ஸ்டூடியோவில் உள்ள கமர்ஷியல் நியூக்கில் திறக்கவும் முடியாது. அனிமேஷன் சாஃப்ட்வேரான மாயாவை மாணவர்களுக்கு அதன் கம்பெனி ஆட்டோடெஸ்க் இலவசமாகவே தருகிறது. அதே மாதிரியான பிளெண்டர் எப்போதுமே எல்லாருக்கும் இலவசம். இதெல்லாம் பெண் வீட்டில் உட்கார்ந்து தானே தெரிந்துகொண்டு எனக்குச் சொன்னது. அச்சுத் தொழில் செய்யும் எனக்கே இவ்வளவு விளங்கும்போது, விற்கிற உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

வேலை ஏன் இல்லை என்று 2025 தை மாதம் கேட்டபோது கிளை மேலாளர், “ஹாலிவுட்ல ஸ்ட்ரைக் சார், பேப்பர்ல பாக்கலையா?” என்றார். பார்த்தேன். எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் 2023 செப்டம்பரில் முடிந்தது, நடிகர்களுடையது அதே ஆண்டு நவம்பரில். முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன ஸ்ட்ரைக்கைக் காரணம் சொல்கிறார் மனிதர். தொழிலில் மந்தம் இருப்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. 2025 பிப்ரவரியில் வி.எஃப்.எக்ஸ். செய்யும் டெக்னிகலர் குழுமம் நொடித்து, பெங்களூரில் அனுபவமுள்ளவர்களே வேலையிழந்து நின்றதையும் படித்தேன். சரி, அவ்வளவு மந்தம் என்றால், அதே மாதம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு எதிரில் ‘படி, உடனே வேலை, புது பேட்ச் ஆரம்பம்’ என்று அத்தனை பெரிய போர்டு வைத்தது யார்?

சர்டிபிகேட்டும் அப்படியே. சேரும்போது காட்டிய புத்தகத்தில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, ஊடக - பொழுதுபோக்குத் திறன் கவுன்சில் முத்திரை எல்லாம் இருந்தன. கடைசியில் வெளி மதிப்பீட்டாளர் என்று யாரும் வரவில்லை, தேர்வும் இல்லை. உங்கள் கம்பெனி பெயர் போட்ட ஒரு தாள் வந்தது. அச்சும் மட்டம், ஓரத்தில் சிவப்பு கசிந்திருக்கிறது. எங்களிடம் அப்படி ஒரு வேலை போனால் பேச்சுக்கு இடமில்லாமல் ரீபிரிண்ட் போட்டுக் கொடுப்போம்.

இவ்வளவுக்கும் பிறகு உங்களிடம் மரியாதையாகவே கேட்கிறேன். பெரிய நிறுவனம் நடத்துகிறீர்கள், கீழே நடப்பது உங்கள் காதுக்கு வராமல் இருந்திருக்கலாம். கட்டிய தொகையைத் திருப்பித் தாருங்கள். கடன் கணக்கை நீங்களே முடித்து, பாக்கி இல்லை என்ற சான்றும், சிபிலில் திருத்தமும் வாங்கித் தாருங்கள். என் பெண்ணின் ஃபைல்களைக் கொடுங்கள். போர்ட்டலில் ‘மறுத்தார்’ என்று இருப்பதை நீக்குங்கள். மென்றுகொண்டே பேசினாரே, அவர் என் பெண்ணிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும். பணத்தை விட்டாலும் விடுவேன், இதை விடமாட்டேன்.

‘கல்வி நிறுவனத்தின் மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது’ என்றும் அந்த ஆள் சொன்னார். வக்கீலிடம் கேட்டுவிட்டேன். பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் பட்டப்படிப்புக்கு ஜி.எஸ்.டி. வாங்குவதில்லை. நீங்கள் கடைக்காரர் மாதிரி 18% வாங்கியிருக்கிறீர்கள், ரசீது என்னிடம் இருக்கிறது. நுகர்வோர் வழக்கிலிருந்து கல்வி நிறுவனங்களுக்கு உள்ள விலக்கு கோச்சிங் நிலையங்களுக்குக் கிடையாது என்று தேசிய நுகர்வோர் ஆணையமே 2020-ல் சொல்லியிருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. எங்கள் மாவட்ட ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. எனக்குப் பக்கம்தான். சென்னையிலிருந்து நீங்கள் வரவேண்டும், வாய்தாவுக்கு வாய்தா வரவேண்டும். பால்கோவா வேண்டுமானால் நான் வாங்கித் தருகிறேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தாயிற்று. கடன் கம்பெனிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்; 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போவேன். அந்த பேட்ச்சின் மற்றப் பெற்றோர்களும் வாட்ஸ்அப்பில் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். உங்களுக்குச் சங்கடம் கொடுப்பது என் நோக்கம் இல்லை. கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பொறுப்பான ஒருவர் எழுத்தில் பதில் தந்தால் போதும். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
மாணவியின் தகப்பன்

இணைப்பு: ரசீது நகல்கள், கடன் ஒப்பந்தம், மாட்டுத்தாவணி போர்டின் படம், ஈக்காட்டுத்தாங்கலில் கொடுத்த அந்தத் தாள்.

நகல்: கடன் கம்பெனியின் குறைதீர் அலுவலர்.