அப்பாவுக்கு, டிராக்டர் ஓடிய செய்தி

விஸ்கான்சின், அமெரிக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசும்போதெல்லாம் அந்த வண்டி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். நானும் வேலை நடக்கிறது என்று சொல்லி நழுவிக்கொண்டே இருந்தேன். உண்மையில் வேலை பல வாரம் நடக்கவே இல்லை. இப்போது சொல்வதற்கு ஒரு விஷயம் இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

டிராக்டர் என்றதும் உழவு டிராக்டரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது என் இடுப்பு உயரம்தான் இருக்கும். இங்கே வீட்டைச் சுற்றிப் புல்வெளி இருக்கிறது. கோடையில் வாரம் தவறாமல் அதை வெட்ட வேண்டும், குளிர்காலத்தில் வாசல் பாதையில் விழும் பனியைத் தள்ள வேண்டும். இரண்டுக்கும் ஆளைக் கூப்பிட்டுக் கட்டுப்படியாகாது என்பதால் பெரும்பாலும் அவரவர் வேலையை அவரவரே பார்த்துக்கொள்கிறார்கள். அதற்காகச் செய்த வண்டிதான் இது. பக்கத்து வீட்டு அம்மாளின் கணவர் இறந்த பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அவர்கள் ஷெட்டில் அசையாமல் நின்றது. பழைய இரும்புக்குப் போட இருந்தவர், நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு, வேண்டுமானால் தள்ளிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1965க்கும் 1967க்கும் இடையில் செய்த கப் கேடட் 102 என்னும் மாடல் இது. அவர்களுடைய பெரிய டிராக்டர்கள் சிவப்பு. இந்தச் சின்ன வண்டிக்கு மட்டும் மஞ்சளும் வெள்ளையும். இன்றைய புல்வெட்டும் வண்டிகளில் பெரும்பாலும் எஞ்சினின் விசை பெல்ட் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. இதில் பெல்ட்டுக்குப் பதில் ஷாஃப்ட்டே போகிறது. கியர் பெட்டியை அதே நிறுவனத்தின் ஃபார்மால் கப் என்ற சின்ன உழவு டிராக்டரை ஒட்டித்தான் அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதில் நான் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. எஞ்சின் ஒரே சிலிண்டர், 10 குதிரைத்திறன், காற்றில் குளிர்வது, கோலர் செய்தது. குளியலறைக் குழாயும் கழுவுதொட்டியும் செய்கிற அதே கோலர்தான், அவர்கள் ஊரும் இந்த மாநிலத்திலேயே இருக்கிறது.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. கப்பியைப் பிடித்து அசைத்தால் மயிரிழைகூட நகரவில்லை. நான் செய்த முதல் நல்ல காரியம், பலத்தைக் காட்டாமல் விட்டது. மேல் தகட்டைக் கழற்றியபோது, காற்று ஓட வேண்டிய இறக்கைகளின் இடுக்கு முழுவதும் எலி கூடு கட்டியிருந்தது: காய்ந்த புல், பஞ்சு, விதைத் தொலி எல்லாவற்றையும் இடித்து அடைத்துவைத்த மாதிரி. முதல் நாளே எப்படியோ ஸ்டார்ட் ஆகியிருந்தால் அரை மணி நேரத்தில் சூடேறி எஞ்சின் பாழாகியிருக்கும். அது இறுகிக் கிடந்ததே ஒருவகையில் நல்லதாயிற்று.

அடுத்தது ஹெட். இந்த எஞ்சினில் வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிஸ்டனுக்குப் பக்கத்திலேயே பிளாக்கில் இருக்கின்றன. ஆகவே ஹெட் வெறும் மூடிதான். வெறும் மூடிதானே என்ற அலட்சியத்தில், ஒரு போல்ட்டைச் சற்று வேகமாகத் திருப்பினேன். மெல்ல நெகிழ்ந்து கொடுப்பதுபோல் இருந்தது, மறு நொடி போல்ட்டின் தலை முறிந்து என் ஸ்பேனரோடு வந்துவிட்டது. அன்று கருவிகளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனவன், நான்கு வாரம் ஷெட் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

பட்டறையில் ஒருமுறை சைலன்சர் ஸ்டட் இப்படி முறிந்தபோது நீங்கள் என்னிடம் மெழுகுவர்த்தி வாங்கிவரச் சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? கரண்ட் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். நான் வாங்கி வந்ததை நீங்கள் சூடான ஸ்டட்டின் அடியில் வைத்து அழுத்தினீர்கள். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை, போய்ப் படி என்று அனுப்பிவிட்டீர்கள். அந்தப் பாதிப் பாடத்தை வைத்துத்தான் இங்கே செய்தேன். ஹெட்டைத் தூக்கிய பிறகு போல்ட்டின் மிச்சம் விரல் நகம் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி பிளாக்கைச் சூடாக்கி, மெழுகை வைத்ததும், அது உருகி மரையின் இடுக்கில் வழிந்து புகைந்தது. ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, மறுபடி மெழுகு. மூன்றாம் முறை பூட்டுக் குறடால் கவ்வி, முதலில் இறுக்கும் பக்கம் இம்மி, பிறகு கழற்றும் பக்கம் இம்மி என்று ஆட்டினேன். கிறீச்சென்ற சத்தத்தோடு அது சுழன்றபோது ஷெட்டில் யாரும் இல்லாததால் நானே எனக்குச் சபாஷ் சொல்லிக்கொண்டேன். இங்கு வந்தபின் நான் உங்களை அதிகம் நினைத்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான் என்று எழுதினால் அம்மா கோபித்துக்கொள்வார், அதனால் அவருக்கு இந்த வரியைப் படித்துக்காட்ட வேண்டாம்.

பிஸ்டன் தலையில் அசிட்டோனும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டினேன். ஏழாம் நாள் இறங்கியது. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றிப் பழுப்பு அரக்காக உறைந்திருந்தது. இங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. நிறுத்திவைக்கும் வண்டிக்கு ஆகாது. டியூபையும் ஃபில்டரையும் மாற்றினேன். கரண்டை வெட்டிப் பொறி உண்டாக்கும் காண்டாக்ட் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு இடைவெளி வைத்ததும் பிளக்கில் நீலப் பொறி பளிச்சென்று அடித்தது.

நான்காவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் பேட்டரி ஏறவில்லை. இதில் ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒன்றே. பேட்டரியிலிருந்து கரண்ட் வாங்கி எஞ்சினைச் சுழற்றிவிட்டு, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதுவே பேட்டரிக்குக் கரண்ட் அனுப்ப வேண்டும். இரண்டு மாலை ஒயரையே தடவிக்கொண்டிருந்த பிறகுதான், நெடுநாள் சும்மா கிடந்ததில் அதன் காந்தத் துருவம் மறந்துபோயிருக்கும் என்று உறைத்தது. பேட்டரி முனையிலிருந்து ஓர் ஒயரை டைனமோ முனையில் ஒரு நொடி தொட்டு எடுத்தேன், சின்னப் பொறி ஒன்று தெறித்தது, அதோடு சரியாகிவிட்டது.

பெயிண்ட் அடிக்கப்போவதில்லை. நண்பர்கள் பளபளவென்று ஆக்கச் சொல்கிறார்கள். ஆனால் கியர் குச்சியின் பிடியிலும் இடது மட்கார்டின் விளிம்பிலும் அந்த அம்மாளின் கணவர் கை வைத்து வைத்து மஞ்சள் தேய்ந்து இரும்பு தெரிகிறது; பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பார்த்தபோது முதலில் அந்த விளிம்பைத்தான் தொட்டார். துருப்பிடித்த இடங்களைச் சுரண்டி எண்ணெய் தடவிவைத்தால் எனக்குப் போதும்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பத்து நிமிடம் எண்ணெய் எரியும் நீலப் புகை வருகிறது. பிறகு தெளிந்துவிடுகிறது, பாரம் கொடுத்தாலும் திரும்ப வருவதில்லை. பிஸ்டன் இறுகி நின்ற இடத்தில் சிலிண்டர் சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்கு ஒரு துரு வரி இருந்தது. தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. பிஸ்டன் ரிங்தான் காரணமா, அல்லது வால்வுத் தண்டு ஏறி இறங்கும் கைடு வழியாக எண்ணெய் உள்ளே இழுபடுகிறதா? ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கிறது, போரிங் செய்து போட்டுவிடலாம். ஆனால் புல் வளரத் தொடங்கிவிட்டது; இப்போது பிரித்தால் கோடை முழுவதும் வண்டி இருக்காது. தம்பியின் போனுக்கு எஞ்சின் ஓடும் சத்தத்தைக் குளிர்ந்த நிலையில் ஒன்று, சூடான பிறகு ஒன்று என்று பதிவுசெய்து அனுப்பியிருக்கிறேன். வீட்டில் டிவியை நிறுத்திவிட்டு இரண்டையும் கேட்டுப் பாருங்கள். குளிர்காலம் வரை இப்படியே ஓட்டலாமா, இப்போதே பிரிக்க வேண்டுமா என்று நீங்கள் சொல்லும்வரை கைவைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்