கலாவுக்கு, சோப்பு விஷயமா

அடியே கலா,

பேத்தி பொறந்த சேதி வந்ததுல இருந்து போட்டோவ இங்க பெங்களூர் அல்சூர்ல பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாருக்கும் காட்டியாச்சு, மூக்கு அப்படியே உங்கம்மா மூக்குடி. உன் மக நல்லா தூங்குறாளா, தையல் வலி குறைஞ்சுதா, அத ஒரு வரி எழுது.

நான் காய்ச்சற ஆலிவ் ஆயில் லிக்விட் சோப்ப டம்ளர் கணக்குல எழுதி அனுப்புன்னு கேட்டிருந்தல்ல, டம்ளர் கணக்கு மட்டும் இதுக்கு ஆகவே ஆகாது, எல்லாமே தராசுல கிராம் கணக்குதான். கட்டி சோப்புக்கு காஸ்டிக் சோடா போடுவாங்க, திரவத்துக்கு காஸ்டிக் பொட்டாஷ் வேணும், சிட்டி மார்க்கெட் பக்கம் கெமிக்கல் கடையில செதில் செதிலா கிடைக்குது. அது சுத்தமா நூத்துக்கு நூறு இருக்காது, 90 சதவீதம்தான். இது தெரியாமதான் என் முதல் ஈடு வீணாப் போகப் பார்த்துச்சு. 500 கிராம் எண்ணெய்க்கு 92 கிராம் போட்டேன், மூணு மணி நேரம் கிண்டியும் வெந்நீர்ல கரைச்சா பால் மாதிரி வெள்ளையா நிக்குது, மேல எண்ணெய் மிதக்குது. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுப்போன 10 கிராமை கொஞ்சம் தண்ணில கரைச்சு சேத்து மறுபடி வேகவிட்டேன், தெளிஞ்சிடுச்சு. அதனால நீ 500 கிராம் எண்ணெய்க்கு 102 கிராம், தண்ணி 300 கிராம்னு வெச்சுக்கோ, எண்ணெய் பாமஸ் ரகமே போதும், ஆலிவ் சக்கையில இருந்து எடுக்கறது, விலை கம்மி.

பொட்டாஷை தண்ணில போடணும், பொட்டாஷ் மேல தண்ணி ஊத்திடாத, பொங்கி மூஞ்சில தெறிக்கும். போட்டதும் கொதிக்கற மாதிரி சூடாகும், கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு கிளவுஸ் இல்லாம கிட்டயே போகாத, சின்னப் புள்ளைங்க வீட்ல இல்லாத நேரமா பாரு. எவர்சில்வர் பாத்திரந்தான், அலுமினியத்த அது அரிச்சிடும்.

வெதுவெதுப்பான எண்ணெய்ல அந்தக் கரைசல ஊத்தி மத்து மாதிரி கைல புடிக்கற பிளெண்டர்ல அடிச்சுட்டு, அகலமான பாத்திரத்துல வெந்நீர் வெச்சு அதுக்குள்ள இறக்கி மூடி வேகவிடணும். முதல்ல கஞ்சி மாதிரி, அப்புறம் கரண்டி நகராத அளவுக்கு இறுகிடும், கை வலிக்கும்டி, விட்டுடாத. கடைசில கோதுமை அல்வா பதத்துல வாஸ்லின் மாதிரி பளபளன்னு ஆகும். 30 கிராம் எடுத்து 60 மில்லி கொதிக்கற தண்ணில கரைச்சு கண்ணாடி டம்ளர் பின்னாடி பேப்பர வெச்சுப் பாரு, எழுத்து தெரிஞ்சா வெந்தாச்சு.

அந்த பேஸ்ட்ட அதே எடை தண்ணில ராத்திரி முழுக்க ஊற வெச்சா கரைஞ்சிடும். நான் முதல்ல போர் தண்ணில கரைச்சேன், அதுல இருக்கற சுண்ணாம்பு சோப்போட சேந்து திரிதிரியா தயிர் மாதிரி ஆயிடுச்சு, இப்ப டிஸ்டில்டு வாட்டர்தான். வாசனைக்குன்னு எலுமிச்சை பிழிஞ்சிடாத, புளிப்பு பட்டா சோப்பே பிரிஞ்சிடும். கடை ஹேண்ட்வாஷ் மாதிரி கெட்டியா வராது, தண்ணியாதான் இருக்கும், நுரையும் கம்மி, ஆனா கை கழுவினா அந்த வறட்டு இழுப்பு இல்ல. பாத்திரம் தேச்சு தேச்சு வெடிச்சுக் கெடந்த என் விரலுக்கு இது நிம்மதியா இருக்கு.

ஆனா பேத்திக்குன்னு கேட்டியே, அதுதான் மனசுக்கு சரிப்படல. எவ்வளவு சுத்தமா காய்ச்சினாலும் சோப்பு காரந்தான், பிஹெச் 9க்கு மேல நிக்கும், கண்ணுல பட்டா எரியும். பச்சப்புள்ள தோலுக்கு வேண்டாம்டி, டாக்டர் சொல்றதப் போடு. உன் கைக்கும் குழந்தை துணி அலசவும் இது தாராளமா போதும்.

நீ இப்ப அடுப்பு முன்னாடி நிக்கவும் வேண்டாம், மக பக்கத்துல இரு. போன வாரம் காய்ச்சின பேஸ்ட் அரைக் கிலோ டப்பால அடைச்சு வெச்சிருக்கேன், கோயம்புத்தூர் வர்ற தம்பி கையில குடுத்துவிடறேன். உங்க வீட்ல சிறுவாணி தண்ணி வருதுல்ல, அதுல சுண்ணாம்பு கம்மி, அரை லிட்டர கொதிக்கவெச்சு ஊத்தி ஊறவிடு, என் டிஸ்டில்டு வாட்டர் செலவு உனக்கு இருக்காது.

தொட்டில் கட்டற அன்னிக்கு தேதி சொல்லு, டிரெயின் டிக்கெட் போடணும்.

உன்,
மல்லிகா