காலிமுகத்திடல் கல்லைப் பற்றிப் பெறாமகளுக்கு

அன்புள்ள பெறாமகளுக்கு,

ஒரு கையில் இறால் வடையோடு, காலிமுகத்திடல் நடைபாதையில் உள்ள கல்வெட்டருகே நின்று நீ எடுத்தனுப்பிய படம் கிடைத்தது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடிவுற்ற அந்த நடைபாதையை, கொழும்பின் சீமாட்டிகளதும் சிறுவர்களதும் நலன் கருதிப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்ளும் வாசகத்தைப் படித்துவிட்டு, 'நல்ல மனிசன்போல' என்று எழுதியிருந்தாய்.

இருக்கலாம். ஆனால், அவர் அந்த இடத்தை உருவாக்கவில்லை. கோட்டைக்குத் தெற்கே எதிரி ஒளிந்து வர மறைப்பேதும் இருக்கக்கூடாது என்பதற்காக, ஒல்லாந்தர் தம் பீரங்கிகளின் முன்னே வெறுமையாக வைத்திருந்த வெட்டை அது. பிற்பாடு வெள்ளைக்காரர் அங்கே குதிரைப் பந்தயம் விட்டார்கள், கோல்ஃப் ஆடினார்கள். அந்தக் குதிரைகளைப் பிடித்து நின்றவர்களின் மனைவி மக்கள் கல்லில் சொல்லப்பட்ட சீமாட்டிகளிலும் சிறுவர்களிலும் அடங்குவார்களா என்பதை நீயே யோசித்துப் பார். (வார்ட் 1860இல் சென்னைக்கு ஆளுநராக மாற்றலாகி, போன சில வாரங்களிலேயே வாந்திபேதியில் இறந்துபோனார்.)

நடைபாதை தொடங்கிச் சரியாக நூறாவது ஆண்டில், 1956 யூன் 5ஆம் திகதி, சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கும் சட்டமூலம் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டபோது, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் அதே புல்தரையில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் அவர்களைச் சூழ்ந்து அடித்தது. அக்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் அமிர்தலிங்கம் தலையில் காயத்துக்குக் கட்டுப்போட்டபடி சபைக்குள் நுழைந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நேற்று நடந்ததுபோல் சொல்லுவார்கள். அந்த நாளைப் பற்றி நீ படமெடுத்த கல்லில் ஒரு வரியும் இல்லை. இருக்கவும் முடியாது, அது வார்ட்டின் கல்.

2022இல் அங்கே கூடாரமடித்துச் சனாதிபதிக்கு எதிராகப் போராடியவர்கள், மே 18இல் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்தார்கள்; 2009இல் போரின் கடைசி நாட்களில் அங்கே சிக்கிய எங்கள் சனம் குடித்த கஞ்சியின் நினைவாகக் காய்ச்சுவது அது. சிங்கள இளைஞர்களும் வாங்கிக் குடித்தார்கள். அன்று எனக்கு வந்த உணர்ச்சிக்கு இன்றுவரை சரியான பெயர் வைக்கத் தெரியவில்லை.

அடுத்த முறை போகும்போது, கடலைப் பார்த்து முடிந்ததும் வடக்கே திரும்பு. பெரிய தூண்களோடு நிற்கும், இன்று சனாதிபதி செயலகமாக இருக்கும் கட்டடம்தான் அன்றைய நாடாளுமன்றம். புல்தரையிலிருந்து அதன் படிகளுக்கு எவ்வளவு கிட்டம் என்பதை நடந்து பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா