லுக்லா பயணம்: 35 நிமிடம் என்று சொன்னது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: பயண நேரத்தைத் தவறாகக் குறிப்பிட்டது, அதனால் ஏற்பட்ட செலவைத் திருப்பிக் கேட்பது

ஐயா / அம்மையீர்,

கடந்த அக்டோபரில் நானும் 62 வயதான என் அப்பாவும் உங்கள் நிறுவனம் மூலம் நேபாளத்தில் எவரெஸ்ட் போகும் வழியில் இருக்கிற நாம்சே பஜார் வரை போய் வந்தோம். அந்த நடை தொடங்கும் ஊர் லுக்லா. மலையைப் பற்றியோ கூட வந்த வழிகாட்டித் தம்பியைப் பற்றியோ ஒரு குறையும் இல்லை. என் புகார் உங்கள் பயணத் திட்டத்தில் இருந்த ஒரே ஒரு வரியைப் பற்றி: "காத்மாண்டு – லுக்லா, விமானம், 35 நிமிடம்."

அதை நம்பி அப்பாவிடம், "பீளமேட்டிலிருந்து உக்கடம் போகிற நேரம்தாம்ப்பா" என்று சொல்லி வைத்திருந்தேன். முந்தின நாள் இரவு சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் ஹோட்டலில் சொன்னார்கள், ஒன்றரை மணிக்கு ஜீப் வரும், விமானம் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து என்று.

சீசனில் காத்மாண்டு நிலையத்தில் நெரிசல் என்பதால் லுக்லா விமானங்களை மந்தலிக்கு மாற்றுவது 2019-லிருந்தே நடக்கிறது. உங்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. மந்தலியிலிருந்து லுக்லா ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 75 கிலோமீட்டர்தான், இருபது நிமிடத்தில் இறங்கிவிடலாம். ஆனால் மந்தலிக்குப் போக மலைச்சாலையில் 130 கிலோமீட்டர் இருக்கிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? துலிகேல் தாண்டியதும் அப்பா பாலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டவர்தான், விடியும்வரை பேசவே இல்லை.

மந்தலியில் மூட்டைமேல் தலை வைத்துத் தூங்குகிறவர்களுக்கு நடுவே பத்தரை மணிவரை உட்கார்ந்திருந்தோம். லுக்லாவில் மேகம். அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. 527 மீட்டர் ஓடுபாதை, ஒரு முனையில் பள்ளத்தாக்கு, மறுமுனையில் மலை; கண்ணுக்குத் தெரியாமல் அங்கே யார் இறங்குவது? விமானி காத்திருந்ததே நல்லது. இறங்கியபோது மணி 11.10. ஹோட்டலை விட்டுக் கிளம்பி 9 மணி 40 நிமிடம் ஆகியிருந்தது.

சரி, போகும்போது பட்டது உடம்புக்கு மட்டும். திரும்பும்போது பணத்துக்கும் வந்தது. "லுக்லாவிலிருந்து காலையில் கிளம்பினால் மதியம் 1.15 டெல்லி விமானத்துக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது" என்று உங்கள் அலுவலர் வாட்ஸப்பில் எழுதியதைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுத்தேன். அன்று மேகமே இல்லை, விமானமும் நேரத்துக்குக் கிளம்பியது. மந்தலியில் இறங்கி ஜீப் பிடித்துக் காத்மாண்டு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை.

நான் முதலில் எழுதியதற்கு, "மலைப் பகுதி விமானங்கள் வானிலையைப் பொறுத்தவை" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். ஜீப் ஓடிய ஐந்து மணி நேரத்துக்கும் வானிலைக்கும் என்ன சம்பந்தம்?

மறுநாள் எடுத்த இரண்டு டிக்கெட்டுக்கு ரூ.31,400, ஒரு இரவு அறைக்கு ரூ.2,600, திரும்பி வந்த ஜீப்புக்கு ரூ.3,200, ஆக மொத்தம் ரூ.37,200. இதை 15 நாட்களுக்குள் என் கணக்கில் செலுத்துங்கள். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அப்புறம் அந்த 35 நிமிட வரி இன்று காலைவரை உங்கள் திட்டத்தில் அப்படியேதான் இருக்கிறது. ஏப்ரல் சீசனுக்கு ஆள் சேர்ப்பதற்கு முன் அதைத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்

இணைப்பு: ரசீதுகள் 4, வாட்ஸப் உரையாடலின் நகல், உங்கள் பயணத் திட்டம்